பாரம் கூடுதல் என்று எழுதினேன்

அப்பாவின் காரைப் பற்றி நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்காக என்னைப் பாராட்டினார்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் பெயர் பழனியாண்டி. சண்டைக்கு முன்னால் கெடாவில் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டினார். ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்றதும் துரை புதுக் காரில் தெற்கே ஓடினார். ஷெட்டில் கிடந்த பழைய காரை அப்பாவிடம் விட்டுப் போனார். ஜப்பான்காரர்கள் அதையும் பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்து மூடினார்கள், தங்களுக்குள் சிரித்தார்கள், போய்விட்டார்கள். அப்படித்தான் அது எங்களுக்கு மிஞ்சியது. பெட்ரோல் கிடைக்காது. பின்னால் ஒரு கரியடுப்பைப் பொருத்தி, அந்தப் புகையில் ஓடும்படி செய்துகொண்டு, சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் நடுவே அப்பா வாடகைக்கு ஓட்டினார். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும்.

"தள்ளுறதுக்கும் சேர்த்துத்தான்லா வாடகை" என்று இருளப்பன் மாமா கேலி செய்வார். அவர் அம்மாவின் தம்பி. எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை.

வெள்ளைக்காரர்களோடு கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. அதனால் சுங்கை பட்டாணியில் வாடகைக் கார் ஓட்டுகிற பதினான்கு பேர் சேர்ந்து தாங்களே ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதையும் 'இன்சூரன்ஸ்' என்றுதான் சொன்னார்கள். மாதம் ஒரு முறை ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும், கையிலிருக்கிற உதிரிச் சாமான்களும் கொண்டுபோய்ப் போட வேண்டும். யாருடைய கார் அடிபட்டாலும் அதிலிருந்து எடுத்துச் சரிசெய்து கொடுப்பார்கள். சங்கத்துக்குக் காரியதரிசி அருளம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை பார்த்தவர். விதிகளை எல்லாம் அவர்தான் அந்தக் காலத்துக் கம்பெனிப் பத்திரம் மாதிரியே எழுதினார்.

அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். விதிகளை நான்தான் நகல் எடுத்து வைத்தேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்று ஜப்பான் பாட்டுப் பாட வேண்டும் என்றார்கள். என் முறை வந்த அன்று வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவேயில்லை.

விதிகளில் இரண்டைச் சொன்னால் போதும். ஏழாவது விதி: காற்றடித்த டயர் அல்லாமல் வேறு டயர் மாட்டிய காருக்குச் சங்கம் எதுவும் செய்யாது. ஒன்பதாவது விதி: கார் விபத்தில் காயம்பட்ட பயணிக்கு, கார் விதியை மீறியதாக இருந்தாலும், எழுந்து நடக்கும்வரை வாரம் இரண்டு படி அரிசி கொடுக்கப்படும், ஓட்டுநர் சொல்லியும் கேளாமல் பாரம் ஏற்றி விபத்துக்குக் காரணமான பயணிக்கு மட்டும் கிடையாது.

ஜப்பான்காரர்கள் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்ட அந்த வருஷம் மாசி மாதத்தில், இடது முன் சக்கரத்தின் டியூப் அடியோடு போய்விட்டது. ஒட்டின இடத்தின் மேலேயே ஒட்டி, இனி ஒட்டுவதற்கு இடமில்லை. புது டியூப் எங்கும் கிடைக்கவில்லை. அப்பா மூன்று நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எதுக்கு மச்சான் இப்படி உக்காந்திருக்கே?" என்றார் மாமா. "கொட்டகையில ஷீட்டு மலை மாதிரி கிடக்கு. வாங்க நாதியில்ல. அதைச் சுருட்டி உள்ள திணிச்சா முடிஞ்சுது."

"திணிச்சா ஓடுமா?"

"ஒலகத்துக்கே டயருக்கு ரப்பர் பால் எடுத்துக் கொடுத்தவங்க நாம. நமக்கு ஒரு டயர் செய்யத் தெரியாதா?"

"பால் எடுக்கத் தெரியும். டயர் செய்யறதை நீ எங்கடா பார்த்த?"

"பதினெட்டு வருசமா புகைக்குள்ள நிக்கிறேன். ரப்பரைப் பத்தி எங்கிட்டயா கேக்கிறே?"

ஷீட்டுகளை நீளநீளமாக வெட்டிக் கொடுத்தது நான். மாமா அவற்றை இறுக்கிச் சுருட்டி, மரக்கட்டையால் அடித்து டயருக்குள் திணித்தார். அப்பா கம்பி கட்டினார். முடிந்ததும் மாமா அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். கல் மாதிரி இருந்தது. எங்கள் எல்லாருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆலையில் மருந்து கலந்து வேகவைத்த பிறகுதான் ரப்பர் டயராகிறது என்பதும், வெறும் ஷீட்டு சூட்டில் இளகிவிடும் என்பதும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"சங்கத்துக்கு எழுதணுமேப்பா" என்றேன்.

"எழுதினா காரை ஓரமா நிறுத்தச் சொல்லிருவாங்க தாயி. டியூப் கிடைச்சதும் மாத்திருவோம். அதுவரைக்கும் எழுத வேணாம்."

நான் எழுதவில்லை.

நான்கு நாள் நன்றாக ஓடியது. அந்த நாட்களில் அப்பா காலையிலும் சாயங்காலமும் மட்டுமே ஓட்டினார். ஐந்தாம் நாள் குருணில் ஆள் சேர நேரமாகி, நடு மத்தியானத்தில் கிளம்பினோம். கரியைக் கிண்டிவிட நானும் போயிருந்தேன். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் சீனக் கடை முதலாளி ஒருவர், ஒரு தவுக்கே. பின்னால் நானும் பிச்சையம்மாள் அத்தையும்.

அத்தை எங்கள் லயத்தில், எஸ்டேட் கூலிகளின் வீட்டு வரிசையில், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய் ஒரு வருஷமாகிறது, ஒரு சேதியும் இல்லை. குருணில் இறங்கி, யான் என்கிற கடலோர ஊர் வரைக்கும் போய் மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்துக் கருவாடு வாங்கி வந்து, லயம் லயமாக விற்றுத்தான் இரண்டு சின்னப் பெண்களுக்கும் கஞ்சி ஊற்றினார். அன்றைக்கு மடியில் ஒரு கூடை. அதிலும் பாதிதான் கருவாடு.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நின்ற மாதம். ரோட்டில் நிழலே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு வாடை அடித்தது. கரிவாடையோ கருவாட்டு வாடையோ இல்லை. மாமாவின் கொட்டகைக் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுகிற வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'அப்பா, நிறுத்துங்க' என்று வாய் வரை வந்தது. ஆனால் முன்னால் அந்நிய ஆள் இருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்ற கூச்சத்தில், அடுத்த வளைவு வந்ததும் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

சுங்கை பட்டாணி நெருங்கும்போது கார் நொண்ட ஆரம்பித்தது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் எங்களைத் தூக்கிப் போட்டது.

"என்னண்ணே, கார்ல ஏத்தினீங்களா, குதிரையில ஏத்தினீங்களா?" என்று அத்தை சிரித்தார்.

அதற்குள் கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் ரோட்டோர மழைநீர்க் கானுக்குள் தலைகுப்புற இறங்கிவிட்டது. தவுக்கே சிராய்ப்போடு வெளியே வந்து, ஏதோ திட்டிவிட்டு நடந்து போனார். அப்பாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அத்தையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, மூன்று மாசம் தரையில் ஊன்றக் கூடாது என்றார்.

மாமா டயரைப் பிரித்தார். உள்ளே ரப்பர் பாகு மாதிரி இளகி, ஒரே பக்கமாய்ப் போய் உருண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் கானில் போட்டார். பழைய டியூபின் கிழிசல்களை உள்ளே வைத்து, டயரைக் கத்தியால் கிழித்தார். பார்த்தால் வெடித்த டயர்தான்.

ஓட்டுநர் ஒரு கடிதமும், காயம்பட்ட பயணி ஒரு வாக்குமூலமும் ஒரு வாரத்துக்குள் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்பா என்னிடம் வந்தார்.

"டயர் வெடிச்சதுன்னு எழுது தாயி."

"ஏன் வெடிச்சதுன்னு கேப்பாங்களேப்பா."

அப்பா தலையைச் சொறிந்தார். "ஒனக்குத்தான் எழுத வருமே. பொருத்தமா ஏதாச்சும் எழுது. அந்த ஷீட்டு பேச்சு மட்டும் வேணாம்."

நான் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு எழுதினேன்: 'பயணி பிச்சையம்மாள் இரண்டு பெரிய கூடைகளை ஏற்றினார். பாரம் கூடுதல் என்று ஓட்டுநர் இருமுறை எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. அப்பாரம் தாங்காமல் இடது முன் டயர் வெடித்தது.'

'இருமுறை' என்று போட்டதும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. அந்தச் சொல்லை எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எங்கும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இப்படி எழுதினா பிச்சையம்மாவுக்கு அரிசி கிடைக்குமில்ல?"

"கிடைக்கும்பா" என்றேன்.

ஒன்பதாவது விதியை நகல் எடுத்தவள் நான். அது எனக்கு மறந்துபோகவில்லை. ஐயா அத்தனை விதியையும் புரட்டிப் பார்க்கவா போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார் நின்றுவிட்டால் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது என்றும் சொல்லிக்கொண்டேன்.

அதையே அத்தை சொன்ன மாதிரி மாற்றி இன்னொரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அத்தை பாயில் படுத்திருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி புஷ்பம்" என்றார்.

வாசித்தேன். தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. 'வழியில் டயர் வெடித்து எனது வலது கால் ஒடிந்தது. பெருத்த வேதனையில் இருக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகளோடு எனக்கு வேறு ஆதரவில்லை. சங்கத்தார் மனமிரங்கி உதவ வேண்டுகிறேன்' என்று வாசித்தேன். கண் 'இரண்டு பெரிய கூடைகள்' என்ற வரியின் மேல் இருந்தது. வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. இன்னொரு வாட்டி வாசி."

மறுபடி வாசித்தேன்.

"முன்னாடி 'பெருத்த வேதனை'ன்னு சொன்னியே, அது எங்க?"

"இதோ இருக்கு அத்தை. ஒரு வரி தாண்டிட்டேன்."

"அதை விட்டுராதே. அதுதான் நெசம்."

மை கிடையாது. காரின் கரியடுப்பிலிருந்து வழித்த கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். அத்தை கட்டைவிரலைத் தொட்டு, நான் காட்டின இடத்தில் அழுத்தினார். ரேகை சரியாக விழுந்ததா என்று என்னைப் பார்த்தார். விழுந்தது என்றேன்.

பத்து நாள் கழித்து அருளம்பலம் ஐயா சைக்கிளில் வந்தார். சைக்கிள் சக்கரங்களில் டயருக்குப் பதில் கட்டை ரப்பரை வளைத்துக் கட்டியிருந்தார்.

"பாத்தியா மச்சான், சைக்கிளுக்கு ஏழாவது விதி கிடையாது போல" என்று மாமா அப்பாவின் காதில் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

ஐயா கானில் விழுந்து ஸ்பிரிங் ஒடிந்த காரைப் பார்த்தார். கிழிந்த டயருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு காயம்பட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் அத்தையின் வீட்டு வாசலுக்குப் போனோம். லயத்துச் சனங்களும் வந்து நின்றுகொண்டார்கள்.

"இந்தக் கடிதம் ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

அப்பா என்னைக் காட்டினார்.

"நீரோ பிள்ளை? நல்ல வடிவான எழுத்து. எங்கட பழைய கந்தோரில இருந்த பெடியளும் இப்பிடி எழுதமாட்டாங்கள். 'இருமுறை எச்சரித்தும்'... ஒரு சொல்லுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"எங்க புஷ்பம்ங்க" என்று உள்ளேயிருந்து அத்தை பெருமையாகச் சொன்னார்.

ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். காருக்கு ஸ்பிரிங்கும், டியூபோடு ஒரு டயரும் அடுத்த வாரம் அனுப்பப்படும் என்றார். பிறகு அத்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்களுக்குத்தான் ஒண்டும் தர ஏலாமல் கிடக்கு. ஒன்பதாம் விதி அப்பிடி. நீங்களே சொல்லி ரேகையும் வைச்சிட்டியள்."

"நான் என்னங்கையா சொன்னேன்?"

அவர் வாசித்தார். இரண்டு பெரிய கூடைகள். ஓட்டுநர் இருமுறை சொன்னது. தான் கேட்காதது. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவர் வாயில் தெளிவாக வந்தது.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசினால் இப்போதே பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சுற்றிலும் அத்தனை பேர்.

"சொன்னீங்கள்தானே அம்மா?"

"ஆமாங்கையா" என்றார் அத்தை. "சொன்னேன்."

ஐயா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அரிசி கிடைக்கும்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். அம்மா மரவள்ளிக் கிழங்கை எடுத்து வைத்தார். அப்பா தொடவில்லை.

"விடு மச்சான், டயர் வருதே. முதல்ல கார் ஓடட்டும். அந்தம்மாவுக்கு அப்புறமா நாம ஏதாச்சும் குடுப்போம்" என்றார் மாமா.

"எதை எடுத்துக் குடுப்பே? ஒன்னோட ஷீட்டையா?" என்றார் அப்பா.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனேன். பெரிய பெண் மரவள்ளி இலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தை என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஏன் அத்தை ஆமான்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? அத்தனை பேர் முன்னாடி ஒங்கப்பனைப் பொய்க்காரன்னா? கால் சரியானா நான் யார் கார்ல யானுக்குப் போறது?" காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார். "அது என்ன, ரெண்டு பெரிய கூடையாமே? ஒரு கூடைக்கே எனக்குச் சரக்கு வாங்க வக்கில்ல. அந்த ரெண்டாவது கூடையை நீயாச்சும் நெசமாக் குடுத்திருக்கலாம்."

பெரிய பெண் சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதத்துக்கு ஒரு பொழுது போதுமாக இருந்தது. இதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஷீட்டை வெட்டிக் கொடுத்தது, சங்கத்துக்கு எழுதாமல் விட்டது, வாடை அடித்தும் வாய் திறக்காதது, அத்தையிடம் ஒரே கூடை இருந்தது, அப்பா ஒருமுறைகூட எச்சரிக்காதது எல்லாவற்றையும் எழுதினேன். 'பிச்சையம்மாளுக்கு வாசித்துக் காட்டியபோது தாளில் இருந்ததை நான் வாசிக்கவில்லை. இல்லாததை வாசித்தேன். அவர் அதை நம்பி ரேகை வைத்தார்' என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

அத்தையிடம் கொண்டுபோய் முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த எழுத்து எந்தச் சொல் என்று தெரியாவிட்டாலும் என் விரல் போகிற இடத்தையெல்லாம் பார்த்தார்.

முடித்துவிட்டு, அவரும் ரேகை வைக்கட்டும் என்று கரிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இருக்கட்டும்" என்றார். தாளை வாங்கிப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் சின்னையா வருவாரு. அவரை ஒரு வாட்டி வாசிக்கச் சொல்லிட்டு வைக்கிறேன்."

சின்னையா எஸ்டேட்டில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதுகிறவர். அத்தை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் அளந்து வாங்கினதை வீட்டில் ஒரு தரம் அளந்து பார்ப்பவர்கள் சொல்வது போலச் சொன்னார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

சாயங்காலம் வாசலில் நின்றேன். சின்னையா விளக்குக்குக் காத்திருக்காமல் வாசல் வெளிச்சத்திலேயே தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். அவருக்குச் சத்தமான குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு வந்து நின்றார்கள். ஷீட்டைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்துவிட்டார். யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. வேலியோரம் நின்று கேட்டார்.

'தாளில் இருந்ததை நான் வாசிக்கவில்லை' என்ற வரி வந்தபோது சின்னையா நிறுத்தி, தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். அவர் ஒரு சொல்லையாவது விட்டுவிட்டால், நான் வாசித்தது பொய்யாகிவிடுமே என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் எதையும் விடவில்லை.

அத்தை வேலிப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இதை அனுப்பினா ஒங்களுக்கு ஸ்பிரிங்கும் வராது, டயரும் வராது. சங்கத்தை விட்டும் தூக்கிருவாங்க. அனுப்பட்டுமா?"

சின்னையா தாளைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தது போலவே அவரையும் பார்த்தார்கள்.

"அனுப்பு பிச்சையம்மா" என்றார். "எழுதினதெல்லாம் நெசம்தான்." சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குப் போகாமல் ஷெட்டுப் பக்கம் நடந்தார்.

அத்தை ரேகை வைத்தார். காயட்டும் என்று தாளைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தார். ஐயாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"நாளைக்கு டவுனுக்குப் போறீங்கல்ல அண்ணே?" என்று கேட்டு, அத்தை அதைச் சின்னையாவிடம் கொடுத்தார்.

நீட்டின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.